நஜ்முன் நிஸாவின் நாடாத் தலையணை

எழுபதுகளில் கிண்ணியாவுக்கு வந்து, "தையல்கார நஜ்முன் நிஸாவின் வீடு எது?" என்று கேட்டால் வழி சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "தலையணை நிஸா" என்று கேட்டால் துறையடியில் மேய்கிற ஆடுகூட அந்த வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பும். இத்தனைக்கும் அவள் தலையணை விற்றுப் பிழைத்தவள் அல்ல. சட்டை தைத்தவள், அதிலும் கல்யாணச் சட்டை என்றால் கிண்ணியாவிலும் மூதூரிலும் அவளை விட்டால் ஆளில்லை. பட்டம் வந்தது தலை வைத்துப் படுக்க முடியாத ஒரு தலையணையால். வீட்டுக்குள் நின்றபடியே யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைக் கழுவ அவள் கண்டுபிடித்த சாமான் அது. திருகோணமலைப் பட்டினத்தில் மாடிக்கடை வைத்திருந்தவர்கள், கண்ணாடி துடைக்கப் போய் ஆள் விழுந்து கால் முறிவதைக் கண்டு சலித்தவர்கள், எல்லாரும் பிற்காலத்தில் ஆளனுப்பி அதைத் தைத்து வாங்கிப் போனார்கள். முதல் தலையணையை மட்டும் அவள் தனக்காகத் தைத்தாள். அப்போது அவள் இத்தாவில் இருந்தாள்.

அவள் புருஷன் அஸீம் ஓடாவி, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தச்சு வேலை செய்தவர். வெள்ளைக்காரக் கப்பற்படை மூட்டை கட்டிக்கொண்டு போன வருடம் தளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் கதிரை எடுத்தார்கள், அலுமாரி எடுத்தார்கள். அஸீம் ஒரு யன்னலை எடுத்தார். சுவர் இல்லாத, சட்டத்தோடு கூடிய வெறும் யன்னல். நடுவில் வாசற்கதவு அகலத்துக்குப் பெரிய கண்ணாடி, அது திறக்காது. இரண்டு பக்கமும் ஒடுங்கிய நீட்டுக் கதவு ஒவ்வொன்று. அவை உட்பக்கமாகத் திறக்கும். அந்த இடைவெளிக்குள்ளால் கை போகும், தோள் போகாது. வள்ளத்தில் வைக்கோல் பரப்பி, கட்டின பெண்டாட்டியைக்கூட அவ்வளவு பக்குவமாக அக்கரை சேர்க்காத மனுஷன், யன்னலைக் கிண்ணியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

"ஓடாவியார், வீடு எப்ப ஏலத்துக்கு வருகுதாம்?" என்று துறையில் நின்றவர்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

வீடு ஏற்கனவே இருந்தது, நிஸாவுக்கு அவள் உம்மா கொடுத்த சீதன வீடு. பின்சுவரின் அத்திவாரக் கல்லில் விரிகுடாத் தண்ணீர் வந்து தட்டும். அந்தச் சுவரை உடைத்து அஸீம் யன்னலைப் பொருத்தினார். யன்னலடியில் நிஸாவின் கால் மெசின் வந்து உட்கார்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் பலகை யன்னல்கள். மாரிக்குச் சாத்தினால் பகலிலும் விளக்கு வேண்டும். நிஸா மட்டும் மாரியிலும் ஊசியில் நூல் கோர்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அஸீம் வள்ளத்தை யன்னலடியில் கட்டி, அதில் எழுந்து நின்று கிணற்றுத் தண்ணீரால் கண்ணாடியை வெளியே கழுவுவார். உள்ளே நின்று அவள் விரலால் அழுக்கைக் காட்டுவாள். அவர் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேய்ப்பார். அவள் கோபத்தில் கண்ணாடியைத் தட்டும்வரைக்கும் தேய்ப்பார். அவர்களுக்குள் இருந்த செல்லம் அப்படிப்பட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில், மாரி பிறந்த கையோடு, காய்ச்சலில் விழுந்த அஸீம் எழும்பவேயில்லை. நிஸாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள்.

புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அன்னிய ஆண்களின் பார்வையில் படக் கூடாது. அதுதான் இத்தா. நிஸா தையலறையிலேயே இருந்தாள். வாடைக்காற்று அடித்ததால் யன்னலின் பக்கக் கதவுகளை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். அவள் அழுதாள், அழுதபடியே தைத்தாள். நாள் போகப் போகத் துணி மங்கியது, ஊசிக் கண் தொலைந்தது. தினமும் உள்ளிருந்து யன்னலைத் துடைத்தாள். வெளிச்சம் வரவில்லை. மாரி வானம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மாரி ஓய்கிற நேரத்தில் சித்தி பரீதா என்ற வாடிக்கைக்காரி வந்தாள். மகளின் கல்யாணச் சட்டையைத் தைக்கக் கொடுத்து வாங்கிப் போனவள், அதைத் திரும்பக் கொண்டுவந்திருந்தாள். பச்சைப் பட்டில் கையைச் சுற்றி நீல நூலால் தைத்திருந்தது.

"நிஸா, கோவிக்காதீங்க. இது நீலம் புள்ள," என்றாள் சித்தி பரீதா. "அழுதழுது கண்ணக் கெடுத்துப்போட்டீங்க. பிரிச்சுத் தைக்க ஏலுமெண்டா தைங்க. ஏலாட்டி வேற ஆளப் பாக்கிறன்."

ஏசியிருந்தால் நிஸா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். வந்தவள் இரக்கப்பட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. அன்று அஸர் தொழுகைக்கு முன்னமே நிஸாவின் கண் போய்விட்டது என்று ஊர் முழுக்கக் கதை பரவியது. நிஸாவும் நம்பினாள். தன் கைத் தையலே சாட்சி சொல்லும்போது வேறு என்ன செய்வாள்?

மூதூரிலிருந்து அவள் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் கலீலுர் றஹ்மான், நாட்டு வைத்தியப் பரிசாரியாரின் கண்ணெண்ணெயோடு ஓடிவந்தார். இரண்டு துளி விட்டார். உலகமே மிதந்தது.

"இனி நீ அழப்படாது," என்றார். "அழுதா உள்ள கண்ணும் போயிரும். மெசின மூதூர்ல ஒரு ஆள் கேக்கிறார், அடுத்த சனிக்கிழமை வந்து ஏத்துறன். இத்தா முடிஞ்ச உடன நீயும் புள்ளையளும் எங்கட வீட்ட வந்திருங்க. இந்த வீட்டக் குடுக்கலாம் வாடகைக்கு."

"தைக்காம நான் என்ன செய்யிற காக்கா?"

"சும்மா இரி. நான் இருக்கிறன்தானே."

அவர் நல்ல மனுஷன். கெட்டவராக இருந்தால் எதிர்த்து நிற்கலாம். சொந்தக் கையால் சோறு போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள், இனி மதினியின் குசினியில் அடுப்போரமாக நின்று எடுபிடி வேலை செய்ய வேண்டும். ஆனாலும் அழவில்லை. மிச்சக் கண்ணையாவது பிள்ளைகளுக்காக வைத்திருக்க வேண்டும் என்று அழுகையை விழுங்கினாள். அஸீமின் நினைப்பு வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பார்க்க வந்த பெண்கள் அவள் பொறுமையை மெச்சினார்கள். அது பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பயம்.

வெள்ளிக்கிழமை, காக்கா வருவதற்கு முதல்நாள், அவள் பச்சைச் சட்டையின் நீலத் தையலைக் கைத்தடவலில் பிரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் நாற்றத்தில் மூச்சு முட்டியது. காற்று விழுந்திருந்ததால் யன்னலின் இடப்பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள்.

கட்டைபறிச்சான் பக்கமிருந்து ஒரு வள்ளம் பாய் விரித்துப் பட்டினத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பாயில் ஒரு ஒட்டுப் போட்டிருந்தார்கள். எந்தப் பாவி தைத்த ஒட்டோ, ஒரு ஓரம் சுருங்கி, மறு ஓரம் பல்லிளித்தது. வெள்ளைப் பாய்க்குக் கறுப்பு நூல் வேறு. நிஸாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மோசமான தையலைக் கண்டால் அவளுக்கு இத்தா, இழவு எதுவும் நினைவில் நிற்காது. மனதுக்குள் அந்த ஆளை ஏசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

அவ்வளவு தூரத்துத் தையல் அவளுக்கு எப்படித் தெரிந்தது?

நடுக் கண்ணாடியால் பார்த்தாள். வள்ளத்தையே காணவில்லை, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு மங்கல். திரும்பவும் பக்க இடைவெளியால் பார்த்தாள். வள்ளம், பாய், ஒட்டு, ஒட்டின் கோணல் எல்லாம் இருந்தன. கையை வெளியே விட்டுக் கண்ணாடியின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக உதிர்ந்தது. நாக்கில் வைத்தாள். உப்பு. மாரி முழுக்க வாடை கொண்டுவந்து அப்பிய உப்பு. வெள்ளிக்கிழமைகளில் அதைக் கழுவுகிற மனுஷன் இல்லை என்பதை இவ்வளவு அழுதவள் யோசிக்கவில்லை.

குசினிக் கதவைத் திறந்து பக்கத்து வீட்டு ஜெஸீமாவைக் கூப்பிட்டாள். ஜெஸீமா மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், மனம் அதைவிடப் பெரிது. விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அப்ப உன்ட கண்ணுக்கெண்டு நான் ஓதின யாஸீனெல்லாம்?"

"அது வீணாப்போகாது ராத்தா. இப்ப இத எப்பிடிக் கழுவுற? காக்கா நாளைக்கு மெசின ஏத்த வாறார்."

"என்ட மனுசன வள்ளத்தோட அனுப்புறன்."

"இத்தாவில இருக்கிறவள்ட யன்னலுக்குள்ள ஆம்புள நிண்டு பாக்கிறதா?"

"கண்ண மூடிக்கொண்டு கழுவச் சொல்லுறன்."

நிஸா சிரித்துவிட்டாள். அஸீம் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல். பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். கையை விட்டால் விளிம்பு மட்டுமே எட்டியது. கூட்டுகிற நீட்டுத் தும்புத்தடியை வெளியே நீட்டினால் அது நேரே கடலைப் பார்த்து நின்றது. கண்ணாடிப் பக்கம் மடங்க அதற்கு முழங்கை இல்லை. குடையின் வளைந்த பிடியில் துணி சுற்றிப் பார்த்தார்கள். விளிம்பில் ஒரு சாண் தெளிந்தது. நடுக் கண்ணாடி அப்படியே இருந்தது.

"விடு புள்ள, இது ஏலாது," என்று ஜெஸீமா கதிரையில் விழுந்தாள்.

நிஸா விடவில்லை, ஆனால் வழியும் தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் மகளின் பாவாடை ஒன்றை எடுத்து நாடா கோர்க்கத் தொடங்கினாள். நாடா ஒரு ஓட்டையால் நுழைந்து இடுப்பைச் சுற்றி மறு ஓட்டையால் வந்தது. இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தாள். இறுகியது. யன்னலைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை, நடுவில் வயிறு மாதிரிக் கண்ணாடி.

"ராத்தா, யன்னலுக்கு நாடா கோப்பம்," என்றாள்.

ஜெஸீமாவுக்கு இவளுக்குக் கண்ணுக்குப் பதில் புத்தி போய்விட்டதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. என்றாலும் வீட்டுக்குப் போய்ப் புருஷனின் மீன்பிடிக் கயிற்றைக் கேளாமலே எடுத்துவந்தாள். நிஸா அஸீம் இடுப்பில் கட்டிய பழைய சாரம் ஒன்றை வெட்டினாள். வெட்டுமுன் அதை ஒருதரம் மடித்து வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்தாள். ஆனால் அதைவிட நன்றாகத் தண்ணீர் குடிக்கிற துணி வீட்டில் இல்லை. வெட்டுத்துணியை உள்ளே திணித்து மொத்தமாக ஒரு சின்னத் தலையணை தைத்து, கயிற்றை அதில் பிடித்துத் தைத்தாள். கயிற்று நுனியைத் தும்புத்தடியில் கட்டி இடப்பக்கத்தால் நீட்ட, வலப்பக்கத்தில் ஜெஸீமா குடைப்பிடியால் அதைக் கொழுவி எடுக்கப் பார்த்தாள். கயிறு கடலில் விழுந்தது. மறுபடி விழுந்தது. ஜெஸீமா கடலையும் குடையையும் கயிறு திரித்தவனையும் ஏசி முடித்த பிறகு ஒருவாறு அகப்பட்டது.

இழுத்தார்கள். தலையணை கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் புரண்டு, மாப்பிள்ளை பிடிக்காத பெண் மாதிரி கடலைப் பார்த்துத் தொங்கியது. கயிற்றைக் கண்ணாடி பக்கமாகத் தைத்ததுதான் பிழை என்று நிஸாவுக்கு விளங்கியது. நாடா வெளியே சுற்றிப் போனால்தான் உள்ளே இருப்பதை இறுக்கும். தையலைப் பிரித்து, கயிற்றைத் தலையணையின் வெளிமுகத்தில் தைத்தாள். அதற்குள் பொழுது பட்டுவிட்டது.

சனிக்கிழமை காலையில் தலையணையைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து வெளியே விட்டார்கள். இடப்பக்கம் நிஸா, வலப்பக்கம் ஜெஸீமா. இறுக்கிப் பிடித்ததும் கயிறு தலையணையைக் கண்ணாடியோடு அமுக்கியது. இவள் இழுக்க அது இங்கே வந்தது, அவள் இழுக்க அங்கே போனது. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாக இறக்கினார்கள். உப்பு கரைந்து ஒழுகியது. இரண்டாம் முறை ஒழுகியது தெளிந்த தண்ணீர். வெயில் அறைக்குள் வந்து மெசின் மேல் விழுந்தது. சட்டை பச்சையாக இருந்தது. அதில் மிச்சமிருந்த நூல் நீலமாக, வெட்கமில்லாத நீலமாக இருந்தது.

"நிஸா, மெசின ஏத்த ஆள் வந்திருக்கு," என்று முற்றத்தில் காக்காவின் குரல் கேட்டது. ஜெஸீமா குசினிக்குள் ஒதுங்கினாள்.

உள்ளே வந்த கலீலுர் றஹ்மான் வாசலிலேயே கண் கூசி நின்றார். தங்கை மெசினில் உட்கார்ந்து பச்சை நூலை எடுத்தாள். ஒரே தரத்தில் ஊசியில் கோர்த்தாள்.

"கண்ணில ஒண்டுமில்ல காக்கா. கண்ணாடிதான் மறைச்சது."

அவர் நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டார், நம்பவில்லை. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கட தொப்பியில ஓரத்தில ஒரு தையல் விட்டிருக்கு. கழட்டித் தாங்க, போட்டுத்தாறன்."

அவர் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியவில்லை. யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. தொப்பியைக் கையில் வைத்தபடி கண்ணாடியால் வெளியே பார்த்தார். வெளியே தலையணை ஈரம் சொட்டத் தொங்கியது. அவர் அந்தச் சாரத்துணியை அடையாளம் கண்டுகொண்டார்.

"அஸீம் நல்ல யன்னலாத்தான் எடுத்திருக்கார்," என்றார்.

அவ்வளவுதான். நிஸா மெசின்மேல் தலையைக் கவிழ்த்தாள். இத்தனை நாளும் விழுங்கி வைத்திருந்தது சத்தமாக வெளியே வந்தது.

"அழாத புள்ள, கண்ணு..." என்று குசினியிலிருந்து ஓடிவந்த ஜெஸீமா பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

"விடுங்க, அழட்டும்," என்றார் கலீலுர் றஹ்மான். "கண்ணுக்குத்தான் ஒண்டுமில்லையே."

அவர் முற்றத்துக்குப் போய், மெசின் வராது, கூலியாளை அழைத்துக்கொண்டு போங்கள் என்று வாங்க வந்தவரிடம் சொன்னார். உள்ளே அவர் தங்கை தன் புருஷனுக்காக, இனிக் கண் போய்விடும் என்ற பயமில்லாமல், ஆசைதீர அழுதுகொண்டிருந்தாள்.