சுவரை ஒட்டி வைத்த ஸ்பீக்கர்

எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டது. பயம் மட்டும் விடவில்லை.

மாற்றலாகிப் போன ஒரு சுரங்க அதிகாரியிடம் இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை வாங்கினேன். முன்துணியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த நிலக்கரித் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் துடைத்தேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிடுமோ என்று பிரஷ் நுனியால் மட்டுமே தொட்டேன். பிறகு இரண்டையும் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை ஒட்டி நிறுத்தி, ஒயரை மாட்டிப் பாட்டைப் போட்டேன். தரையே அதிர்ந்தது.

மனைவி ஓடி வந்தாள். "பக்கத்து வூட்டு அண்ணன் நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கினு இருக்காருங்க."

உடனே நிறுத்தினேன். நைட் ஷிப்ட் பார்த்தவர் தூங்கும்போது எங்கள் பிளாக்கில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெரிய மண்வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். தூக்கம் கெட்டு, ராத்திரி கண் அசந்து எங்காவது விழுந்துவிட்டால்? அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். லுங்கியோடு அவர்தான் நின்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, பொட்டிய அந்தப் பக்கம் மாத்திடறேன்."

அவர் என் வாயையே பார்த்தார். "ஒரக்கச் சொல்லு தம்பி. மெஷின் சத்தத்துல காது போயி ரொம்ப நாளாச்சு. செவுத்துல முதுக ஒட்டிப் படுத்திருந்தேன், பாட்டு முதுகுல கேட்டுச்சு. ஏன் நிறுத்திட்ட? அங்கியே இருக்கட்டும்."

பாட்டை மறுபடி போட்டேன். சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிரித்தார். "இத்தன நாளா நீயும் ஒம் பொண்டாட்டியும் வாய மட்டும் அசைக்கறதப் பாத்து, என்னப் பத்திதான் பேசறீங்கன்னு நெனச்சினு இருந்தேன்."

அவருக்காக எவ்வளவோ பயந்திருக்கிறேன். அவரோடு உட்கார்ந்து பேசியதுதான் கிடையாது.