மஞ்சள் புகை

அண்ணாவின் பேரனுக்கு ஓயாத சைனஸ் தொல்லை. அவன் யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடிப்பதைப் பார்த்ததும், 1950களில் நாங்கள் குடியிருந்த வலியசாலை வீட்டுச் சமையலறை கண்முன் வந்தது.

அண்ணாவுக்கும் எனக்கும் ஒரே சீழ்மூக்கு, ஒரே நெற்றிவலி. அப்பா அவனை மட்டும் வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு மூக்கு கழுவ அழைத்துப்போனார்.

“இவளையும் கூட்டிண்டு போங்கோளேன்,” என்றாள் அம்மா.

“அவன் படிக்கறவன். பொண்ணுக்கு மஞ்சப்பொகை போறும்.”

நானும்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மஞ்சள் கொம்பை விளக்கில் கருக்கி, என் பிடரியை அழுத்தினாள். “இழுடீ.” தொண்டைவரை எரிந்தது. பன்னிரண்டு வயதில் மூக்கு செத்தே போயிற்று. மல்லிகையும் சாணமும் எனக்கு ஒன்றுதான். இன்றுவரை வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

“என்ன வாசனை, பாத்தியா!” என்றான் அண்ணா, பேரனின் ஆவியைத் தானும் இழுத்தபடி.

“ஆமாம்,” என்றேன்.