பிடியரிசியில் நின்ற தேர்தல்

ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து பாலாற்று மணலில் நடந்து வந்துகொண்டிருந்தோம். முன்னால் சைக்கிள் கடை பாய், பின்னால் நான். ஆம்பூர் போர்டு தேர்தலில் அவர் தோற்றிருந்தார். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்ததால் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

கலவை ஊர்ப் பக்கம் பார்த்த வேலை போய் இங்கே வந்து சேர்ந்தவன் நான். சோறு போட்டு, வீடு வீடாகப் பிடியரிசி வாங்கிவரும் வேலையைப் பாய் கொடுத்தார். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி அவர் தெருக் கிணறு வாயில் வைக்க முடியாதபடி கெட்டிருந்தது. போர்டில் இடம் கிடைத்தால் நல்ல தண்ணீருக்கு வழி செய்யலாம் என்றுதான் நின்றார். ஷாப்பு முதலாளி ஒருவர் செலவு முழுவதும் தன்னுடையது என்றார். கிணற்றுப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாதாம். பாய் மறுத்துவிட்டார்.

உலை வைக்கும்போது பள்ளிவாசலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பது அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். தேர்தல் செலவுக்கு எனக்கும் ஒரு பிடி வையுங்கள் என்று பாய் கேட்டார். இந்து வீடுகளிலும் வைத்தார்கள். ஒரு பிடி போட்டவர்களெல்லாம் அவரை வழியில் நிறுத்தி உரிமையோடு அதட்டினார்கள். அது அவருக்குப் பிடித்துமிருந்தது. மூட்டை நிறைய நிறைய, ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம். வெள்ளைக்காரன் சட்டத்தில் வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. அரிசி போட்டவர்களில் அநேகம் பேருக்கு அது இல்லை. தெரிந்த விஷயம்தான், அரிசியைப் பார்த்ததும் மறந்துபோனது.

தெருவுக்கு வந்ததும், மிச்ச மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் பாய். நான் சுமந்துகொண்டு அவரோடு போனேன். முதல் வீட்டில், ஷாப்பில் தோல் பதனிட மரப்பட்டை இடிக்கும் பெண் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். புழுங்கல், பச்சரிசி, நொய், நடுவே கேழ்வரகு.

"இதுல எங்கூட்டு அரிசி எது? பொறுக்கிக் குடு, வாங்கிக்கிறேன்" என்றாள் என்னிடம்.

"தோத்துட்டேம்மா. இத வச்சிக்கிறது ஞாயமில்ல" என்றார் பாய்.

"தண்ணிக்குத்தான பாய் குடுத்தோம்? ஷாப்புக்கு மேக்கால, கழிவு எட்டாத மேட்டுல உங்க கொல்லை சும்மாதான கெடக்குது. அங்க கெணறு தோண்டுங்க. தோண்டறவங்களுக்கு இத ஆக்கிப் போடுங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவன் தின்னுட்டு ஜாஸ்தியாவே கொழுத்துட்டான். மொதல்ல இவன எறக்குங்க."

பாய் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

தேர்தல் முடிந்துவிட்டதால் வேறு வேலை தேடி ஆற்காட்டுக்குக் கிளம்புவதாக இருந்தேன். மறுநாள் காலை பாயின் கொல்லையில் கடப்பாரை பிடித்தேன். கூலி அந்தக் கலப்பு அரிசிச் சோறு. பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.