லகேனாவின் எஞ்சின்

எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் கொஸால் சித்தப்பா வலது கட்டைவிரலைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொள்வார். அந்த விரலால் பிளக் துளையை அடைத்துக்கொண்டு, மறுகையால் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுப்பார். எஞ்சினுக்குள் அமுக்கம் சரியாக இருந்தால் காற்று விரலைத் தள்ளிவிடும். துடைத்த பிறகு விரல் முன்பைவிடக் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு தடவைகூட அவர் துடைக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் மிதக்கிறது. சித்தப்பாவின் பட்டறையும் அப்படித்தான்: மூங்கில் கட்டுக்கு மேல் பலகை, பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. படகு எஞ்சின்களும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும் அவரிடம் வரும். கையிலிருந்து எது நழுவினாலும் ஏரிக்குத்தான். அவருடைய பாதி ஸ்பேனர்கள் மீன்களிடம் இருக்கின்றன என்று சித்தி சொல்வாள்.

அமுக்கம் பார்க்கும் கருவி வாங்க அவர் கொம்போங் சினாங் சந்தைக்குப் போனபோது இதுதான் மனத்தில் இருந்திருக்கிறது. கடைக்காரர் இரண்டைக் காட்டினாராம். ஒன்று சாண் அளவு குழாய் உள்ளது. மற்றது லாரிக்காரர்கள் வைத்திருப்பது, குழாய் ஒரு கை நீளம். கழுத்தில் போட்டுக்கொண்டால் தண்ணீரில் விழாது என்று நீளமானதை வாங்கினார்.

கழுத்தில் குழாயோடு வந்தவரைப் பார்த்து எதிர்வீட்டு தீம் படகிலிருந்தே கத்தினார்: "என்ன டாக்டரே, எஞ்சினுக்குக் காய்ச்சலா?"

"உனக்கும் பாக்கவா? வாயத் தொற, சொருகுறேன்."

அந்த வாரமே லகேனா வந்தாள். படகில் நூடுல்ஸ் விற்பவள். கணவன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போகுமுன் வாங்கிக் கொடுத்த எஞ்சின் இழுக்க மாட்டேன் என்கிறது. ஏரி வற்றிக்கொண்டிருந்த நேரம். ஊரே வீடுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போக வேண்டும்.

சித்தப்பா விரலை வைத்தார். காற்று தள்ளியது. பிறகு கருவியை மாட்டி ஐந்து முறை இழுத்தார். நல்ல எஞ்சினுக்கு எண்பதாவது காட்ட வேண்டிய முள் நாற்பதைத் தாண்டவில்லை.

"வெரலு நல்லாருக்குங்குது, முள்ளு போச்சுங்குது," என்றார்.

"எது நிசம்ணே?"

"முள்ளுக்கு என்னம்மா, பொய் சொல்ல என்ன இருக்கு? உள்ள எல்லாம் தேஞ்சிருச்சு. செலவு பண்ணாத."

முள்ளைப் பார்த்த பிறகு அவர் வேறெதையும் பார்க்கவில்லை. லகேனா எஞ்சினைப் பழைய இரும்பு வாங்கும் படகில் எடை போட்டுக் கொடுத்தாள். அவள் வீட்டை உறவினர் ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஏரியின் மறுகரைக்குப் போனார்.

ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக்கு நான் புனோம் பென்னிலிருந்து வந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். தீம் வாங்கியிருந்த புத்தம் புது எஞ்சினைச் சித்தப்பா பரிசோதித்துக்கொண்டிருந்தார். அதிலும் முள் நாற்பதிலேயே நின்றது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றார் தீம்.

நான் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கும் வால்வு, முள் இருக்கும் முனையில் இருந்தது. "சித்தப்பா, இது லாரிக்கு. இந்த எஞ்சின் ஒரு இழுப்புக்குக் கைப்பிடி காத்துதான் அமுக்கும். அதுல பாதி இந்தக் குழாய்க்குள்ளயே தங்கிடுது. சின்ன எஞ்சினுக்குன்னா வால்வு பிளக் பக்கத்து நுனியில இருக்கணும்."

தீம் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டாம். அன்று எனக்குத் தெரிந்தது என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

சித்தப்பா சந்தைக்குப் போய், நுனியில் வால்வு உள்ள சாண் குழாய்க் கருவியை வாங்கி வந்தார். அதே எஞ்சின், அதே ஐந்து இழுப்பு. முள் எண்பதைத் தொட்டது. தீம் கைதட்டினார். சித்தப்பா பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருக்கும். வேற ஒண்ணும் இருந்திருக்காது," என்றார்.

"எந்த எஞ்சினுக்கு சித்தப்பா?"

"லகேனாவோடதுக்கு."

மறுநாள் நாங்கள் இருவரும் மறுகரைக்குப் போனோம். அங்கே அவள் வீடு இல்லை. தண்ணீரோடு நகர்ந்துவிட்ட வீட்டுக்கு முகவரி ஏது? அதன்பின் இரண்டு வருடம் எங்கே பழுது பார்க்கப் போனாலும் அவளை விசாரித்தார். கிடைத்த பாகங்களைச் சேர்த்து ஒரு எஞ்சினைக் கட்டினார். யார் விலை கேட்டாலும் "ஆளு இருக்கு" என்பார்.

போன மழைக்காலத்தில் ஈரல் கெட்டு அவர் இறந்துபோனார். மருத்துவமனைக் கட்டிலில் என்னிடம், "எஞ்சின மட்டும் குடுத்துட்டு வந்துராத. உன்னுது நல்லாத்தான் இருந்துச்சு, தப்பு என்னுதுன்னு கொஸால் சொன்னான்னு சொல்லு. மொதல்ல அதச் சொல்லு," என்றார்.

சென்ற மாதம் மீன் வியாபாரி ஒருத்தி, லகேனா இப்போது கரையேறி பூர்சாட் பக்கம் சாலையோரத்தில் கடை போட்டிருப்பதாகச் சொன்னாள். தரையில் இருப்பவளுக்குப் படகு எஞ்சின் எதற்கு என்று சித்தி கேட்கிறாள். நான் இரண்டு முறை பஸ் ஏறி அந்தச் சாலை முழுக்கத் தேடினேன். அவளைப் பார்க்க முடியவில்லை. தன் கணவன் வாங்கித் தந்தது கெட்டுப்போன எஞ்சின் என்றே அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள்.