ஐந்தாவது மெசின்

கொட்டாஞ்சேனையில எங்கட பள்ளிக்கூட மெசின் அறைக்கு மரியகொறற்றி மிஸ்தான் பொறுப்பு. நான் பியோன், கிளெமென்ற். சுவரில படம் காட்டுற மெசின் ஒண்டுதான் அங்க இருக்கு. அது வந்த நாள் தொட்டு மிஸ் பொலித்தீன் உறையைக் கழற்ற விடேல்ல. தூசி பட்டா ஆர் பதில் சொல்றது? பிள்ளையள் படம் பார்த்ததும் உறைக்குள்ளாலதான்.

சுற்றறிக்கை வரவர அந்த மெசினுக்குப் பேர் மாறும். முதல் கட்புல சாதனம், பிறகு மல்டிமீடியா, ஈ-லேர்னிங் கருவி, ஸ்மார்ட் வகுப்பறைத் தொகுதி. இந்த வருசம் செயற்கை நுண்ணறிவுக் கற்றல் துணையாம், கோதாரி! மிஸ் பழைய பேரை வெட்டமாட்டா. "எழுதினதை வெட்டினா களவு" எண்டு ஒவ்வொரு பேரையும் பொருட் புத்தகத்தில புதுசா எழுதினா. ஒரு மெசின் ஐந்தாப் போச்சு.

மிஸ் ஓய்வுபெற இரண்டு கிழமை இருக்க, பொருள் கணக்கெடுக்க கஜேந்திரன் சேர் வந்தார். ஐந்தையும் கண்ணால கண்டு அவர் கையெழுத்து வைச்சாத்தான் மிஸ் போகலாம். வத்தளையில அக்கா யூஜினாவோட இருக்கிறதுக்கு அவ பெட்டியும் கட்டிப்போட்டா.

"கிளெமென்ற், நீர்தான் காப்பாத்தோணும்" எண்டு அழாக்குறையாக் கேட்டா.

சேர் கீழ் அறையில மெசினைப் பார்த்து நம்பர் ஒட்டினார். மிஸ் அவருக்குக் கட்லட் குடுக்க, நான் நம்பரை உரிச்சு, மெசினைத் தூக்கிக்கொண்டு பின்படியால மேல ஓடினன். அங்க அதுவே இரண்டாவது. லைப்ரரியில மூன்றாவது. நாலாவதோட எனக்கு நாக்குத் தள்ளிப்போச்சு. படியிலயே குந்திட்டன்.

"கற்றல் துணை எங்க மிஸ்?"

மிஸ் என்னைப் பார்த்து முழிச்சா. பிறகு நிமிர்ந்து நிண்டு, "நான்தான் சேர்" எண்டா.

சேர் ஏற இறங்கப் பார்த்தார். "ஏழெட்டு?"

"ஐம்பத்தாறு."

"மகாவலி எங்க கடலில விழுது?"

"திருகோணமலைப் பக்கம் சேர்."

"வேலை செய்யுது" எண்டு எழுதி, மிஸ்ஸின்ர சீலைத் தலைப்பில நம்பரை ஒட்டினார். கையெழுத்தும் வைச்சார். மிஸ்ஸுக்குச் சந்தோசத்தில கண்ணீர் வந்துட்டுது.

"அப்ப நான் வத்தளைக்குப் போகலாந்தானே சேர்?"

"என்ன மிஸ் கதைக்கிறீங்க? புத்தகத்தில உள்ள பொருள் கேற்றைத் தாண்டலாமோ?"

அவர் போனதும் எனக்கு விசர் வந்துது. "அந்த ஒரு வரியை வெட்டி விடுங்கோ மிஸ்!" எண்டு பேனையை நீட்டினன்.

மிஸ் பேனையை வாங்கினா. அந்த வரிக்குக் கிட்டக் கொண்டுபோனா. வெட்டேல்ல. மெசினுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்தா.

"எனக்கும் ஒரு பொலித்தீன் உறை எடும், கிளெமென்ற். தூசி படப்போகுது."