சுமக்க மறுத்த தோள்

சிலிண்டர்காரர் முப்பது வருஷம் மாடி மாடியாக கேஸ் சிலிண்டர் சுமந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியே இருக்கும். வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்க அவர் முதல் முறையாக விமானம் ஏறப்போகிற நேரம் பார்த்து, மாப்பிள்ளை ஒரு முதுகுப்பையை அனுப்பிவைத்தார்.

மனுஷனுக்கு வந்ததே கோபம்!

"உல்லாசமா ஊர் பார்க்கப் போறப்பவும் நான் மூட்டை தூக்கணுமாம்! சக்கரம் வச்ச பெட்டி வாங்கு. அது பாட்டுக்கு உருண்டு வரட்டும்."

"அவங்க வீடு நாலாவது மாடி, லிஃப்ட்டும் இல்ல. படியில சக்கரம் உருளுமா?" என்றாள் மனைவி.

"படிக்கட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி அடங்கிப்போனது. பை பரணுக்குப் போனது. சிவப்பில் ஒரு பெட்டி வந்தது.

விமான நிலையத்தில் அதை ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு, திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சரைப் போல நடந்தார். மகள் வீட்டுப் படிக்கட்டு வந்ததும் பெட்டியை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். மாப்பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்தார், மூச்சு வாங்கியது.

"மாமா, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கலாமா?"

"முப்பது வருஷத்துல ஒரு வீட்டுலயாவது என்னை இப்படிக் கேட்டிருப்பாங்களா மாப்பிள்ளை? 'அடுப்பு அணைஞ்சு கிடக்கு, சீக்கிரம் கொண்டா'ன்னுதான் மேலேயிருந்து கத்துவாங்க!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போனார். மாப்பிள்ளை இரண்டாவது மாடியில் பெட்டியை இறக்கியபோது, மேலேயிருந்து குரல் வந்தது:

"என்ன மாப்பிள்ளை, இன்னும் அங்கேயேவா நிக்கிறீங்க?"