படுக்கை விரிப்பின் மூலையில் ஒரு நூல்

அந்த முதியோர் இல்லத்தில் ஆண்களுக்கு இரண்டு அறைகள். விரிப்பெல்லாம் ஒரே வெள்ளை. சலவையில் கலந்துவிடக் கூடாதென்று ஆயாம்மா ஒரு அறை விரிப்புகளின் மூலையில் சிவப்பு நூலும், அடுத்த அறைக்கு நீல நூலும் தைத்துவைத்தாள். அடையாளம் துணிக்குத்தான். ஆட்கள் அதை எடுத்துத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். சீப்பைக் காணோமா? நீலக்காரன் வேலை. கழிப்பறை நாறுகிறதா? சிவப்புக்காரன் போயிருப்பான்.

இதில் வாய் நீளம் சிவப்பு அறை டிரைவருக்குத்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டி, எல்லோரையும் ஏற்றி இறக்கிய மனுஷன். “நீலம் உட்கார்ந்த நாற்காலியில நான் உட்காருவேனா?” என்பார். பக்கத்துக் கட்டில் தையல்காரர் வயிறு குலுங்கச் சிரிப்பார். சாப்பாடு, சீட்டாட்டம் எல்லாம் இருவரும் சேர்ந்தேதான். மனைவி போய், மகனும் வருவதை நிறுத்திய பிறகு டிரைவருக்கு வேறு துணை கிடையாது.

மழையில் அவர் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. காலியிடம் நீல அறையில்தான் இருந்தது; மாற்றிவிட்டார்கள். மறுநாள் தட்டோடு வழக்கமான இடத்துக்குப் போனார். தையல்காரர் நாற்காலியில் துண்டைப் போட்டார்.

“ஆள் வருது.”

“யோவ், நான்தான்யா!”

“தெரியுது. உங்க ஆளுங்க அந்தப் பக்கம்.”

அந்தப் பக்கம் போனார். “வாங்க சார். நாங்க உட்கார்ந்த நாற்காலி, பரவாயில்லையா?” என்றார் ஒருவர். மேசையே சிரித்தது. அன்றிலிருந்து கட்டிலில்தான் சாப்பாடு. அதிலும் பாதி மீந்தது. உடம்பு இளைத்தது. ஆயாம்மா தையல்காரரிடம் பேசிப் பார்த்தாள், பலனில்லை. கோபத்தில் எல்லா நூலையும் பிரித்துப்போட்டாள். விரிப்புகள் கலந்தன. ஆட்கள் கலக்கவில்லை.

பிறகு நீல அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர். விவரம் தெரியாதவர். “தனியா என்னண்ணே சாப்பாடு?” என்று டிரைவரைக் கையோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு இழுத்துப்போனார். அங்கே தையல்காரரும் தனியாகத்தான் இருந்தார்.

“அவரையும் கூப்பிடலாமா?”

பரிமாறிக்கொண்டிருந்த ஆயாம்மாவின் கை நின்றது. தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். கூப்பிட்டால் அவர் வரலாம் என்று டிரைவருக்குத் தோன்றியது. வந்தால் இந்தப் புது ஆளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். டிரைவர் தட்டைப் பார்த்தார்.

“வேணாம் தம்பி. அது சிவப்பு. கிட்டப் போனா சீப்புகூட மிஞ்சாது.”

தபால்காரர் சிரித்து, நாற்காலியை டிரைவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு டிரைவர் தட்டில் ஒரு பருக்கை மீதியில்லை.